பீங்கானில் ஏறிய பிறை

அழகிய பொருள்களைச் சேர்த்து வைப்பது குற்றமன்று. ஆனால், போரைப் புகழ்வதற்கென்றே செய்யப்பட்ட பொருளை அழகுக்காகப் போற்றலாமா?

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியப் பீங்கான் ஆலைகள் தட்டுகளிலும் கோப்பைகளிலும் இரும்புச் சிலுவைப் பதக்கத்தையும் கெய்சர் வில்லியத்தின் உருவத்தையும் பொறித்து விற்றன. துருக்கி அவர்களுடன் சேர்ந்தபின் பிறைக்கொடியும் அவற்றில் இடம்பெற்றது. இன்று அவை பழம்பொருள் சேகரிப்போரின் கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றன.

தறியோசையில் கண்விழிக்கும் சாமளாபுரத்தில் இருந்துகொண்டு இதை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். கடல் கடந்தவர் கேட்கும் படத்தைத் துணியில் அச்சிட்டு அனுப்பும் திருப்பூர் வட்டாரம் நம்முடையது. துணிக்கும் பீங்கானுக்கும் நிய்யத் இல்லை. செய்பவருக்கும் வைத்திருப்பவருக்கும் உண்டு.

பிறையைக் கண்டதும் நம் நெஞ்சு நெகிழும். எச்சரிக்கை தேவைப்படுவது அங்கேதான். அந்தப் பிறை ஈமானுக்காகப் பொறிக்கப்பட்டதன்று. படைக் கூட்டணிக்காகப் பொறிக்கப்பட்டது. மெசபொத்தேமியாவில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்களும் துருக்கிய முஸ்லிம் வீரர்களும் எதிரெதிர் நின்று சுட்டுக்கொண்டார்கள். துருக்கியருக்கு எதிராகத் தங்களை அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தியும் ஒரு காரணமாக, 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தனர். குற்றமற்ற பொதுமக்களும் அதில் மாண்டனர். பின்னர் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கோப்பையின் பளபளப்பில் இவர்களில் ஒருவருடைய முகமும் தெரிவதில்லை.

அப்படியானால் உடைத்தெறிய வேண்டுமா? வேண்டா. உடைத்தால் சாட்சியமும் அழியும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயிர்களும் போயின. குண்டு விழுந்த இடத்தை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு நினைவுக்கல் காட்டுகிறது. அதைப் பார்ப்பவர் எவரும் பெருமிதம் கொள்வதில்லை. நடந்ததை அறிந்து செல்கின்றனர். போர்க்காலப் பீங்கானும் அவ்வாறு வைக்கப்படுமானால் அது அமானத். விலையும் அழகும் மட்டுமே பேசப்படுமானால் அது இறந்தோருக்கு இழைக்கும் அநீதி.

இதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு. அப்போரில் முன்னோரை இழந்த வீட்டார் நம்மிடம் விருந்தினராக வந்தால், அந்தக் கோப்பையை அவர்கள் முன் வைத்து அதன் கதையை முழுமையாகச் சொல்ல நமக்கு நா எழுமா? எழுமெனில் அது நம் வீட்டில் இருக்கலாம்.