கண்டதைச் சொல்வது



பெரகல சந்தியில் பேருந்துக்குக் காத்து நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போகிறவர்கள் அங்கே மேலே திரும்புவார்கள். கொஸ்லந்தை, வெல்லவாயப் பக்கம் போகிறவர்கள் கீழே இறங்குவார்கள். வானம் தெளிந்திருக்கும் வேளையில் தெற்கே சமவெளி கண்ணுக்கெட்டும் தூரம் வரை விரிந்து கிடக்கும். ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் மூடுபனி ஏறிவந்து எதிர்ப்பக்கத்துக் கடையையே மறைத்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அந்தச் சந்தித் தேநீர்க்கடை ஒன்றில் என் பால்ய நண்பரோடு அமர்ந்திருந்தேன். அவர் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். இப்போது கனடாவில் குடியிருப்பவர். மூடுபனியைப் பார்த்ததாலோ என்னவோ, கடையில் இருந்தவர்களின் பேச்சு விமான விபத்தின் பக்கம் திரும்பியது. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜனவரி 3 ஆம் திகதி, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. காலையில் வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பறப்புக்காகப் புறப்பட்ட விமானப்படையின் வை-12 ரக விமானம் அப்புத்தளையில் வீழ்ந்து நொறுங்கியது. அதில் இருந்த நால்வரும் இறந்து போனார்கள்.

மூடுபனிதான் காரணம் என்றார் ஒருவர். இயந்திரத்தில் கோளாறு என்றார் மற்றவர். ஓட்டியவருக்கு இந்த மலைகள் பழக்கமில்லை என்று மூன்றாமவர் தீர்த்துச் சொன்னார். மூலையில் இருந்த பெரியவர், 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்தை நினைவூட்டினார். அதில் மக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகர்கள் 182 பேரும், சிப்பந்திகள் 9 பேரும் மாண்டார்கள். "அதுவும் ஓட்டினவன் பிழைதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார்.

அந்தக் கடையில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் என் நண்பர் ஒருவர்தான். அவர் பிழைப்புக்காகப் பறப்பவரல்லர். நாற்பது வயதுக்கு மேல், ஆசைக்காகக் கற்றுக்கொண்டு தனியார் விமானி உரிமம் பெற்றவர். அதற்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணி நேரமாவது பறந்து பழகியிருக்க வேண்டும். கனடாவில் 45 மணி நேரம். அவ்வளவு படித்தவர் அன்று வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், "ஏனப்பா, ஒரு வார்த்தை பேசவில்லை நீ?" என்று கேட்டேன். அவர் சொன்னதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அப்புத்தளை விபத்தின் காரணத்தைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இராது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் பறக்கும் சிறு விமானத்திடலில், ஒரு சனிக்கிழமை காலை, பறப்பதற்கு முந்திய சோதனைகளைச் செய்துகொண்டிருந்தாராம். இறக்கைத் தாங்கியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குழாயில் வடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. குழாயை வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது, அப்போதுதான் எழும்பிய ஒரு செஸ்னா விமானத்தின் ஒலி மாறியது. தலையைத் தூக்கினார். விமானம் சில நூறு அடி உயரத்தில் இடப்பக்கம் திரும்பியது. இடது இறக்கை சட்டெனத் தாழ்ந்தது. மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அவர் ஓடினார். தனியாகப் பறந்த மனிதர் அங்கேயே இறந்து கிடந்தார்.

"ஓடும்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ பாவம் என்பதல்ல, ஒரு செபமும் அல்ல. ஏன் திரும்பினான் மடையன் என்பதுதான்."

எழும்பிய உடனே இயந்திரம் நின்றுவிட்டால் ஓடுபாதைக்குத் திரும்பி வர முயலாதே, நேரே முன்னால் தெரியும் இடத்தில் இறக்கு என்பது ஒற்றை இயந்திர விமானத்தில் பயில்பவனுக்கு ஆரம்பத்திலேயே ஊட்டப்படும் பாடம். விமானம் சாய்ந்து திரும்பும்போது அதைத் தாங்கிப் பிடிக்க இறக்கைகளுக்குக் கூடுதல் வேகம் வேண்டும். உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் அந்தக் குறைந்தபட்ச வேகம் சுமார் 19 வீதம் கூடிவிடும். 60 பாகை சாய்ந்தால் 41 வீதம். இயந்திரமோ நின்றுவிட்டது, வேகத்துக்கு எங்கே போவது? இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் கைவிட்டுவிடும். என் நண்பருக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆகவே மரங்களை எட்டுவதற்கு முன்பே அவர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னர் பல இரவுகள் யோசித்தாராம். "அவன் திரும்பினான், செத்தான். நான் திரும்ப மாட்டேன், ஆகவே சாக மாட்டேன். அவ்வளவுதான். அவனைக் குற்றவாளி ஆக்கி அதை எனக்கொரு தாயத்தாகக் கட்டிக்கொண்டேன்" என்றார்.

வாசகரே, சாலையில் விபத்தைக் கண்டால் நாமும் முதலில் கேட்பது என்ன? குடித்திருந்தானா, வேகமாக வந்தானா, தலைக்கவசம் போட்டிருந்தானா? ஆம் என்று பதில் வந்தால் நெஞ்சில் ஒரு நிம்மதி. லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டது பேசப்படுகிறது. மாண்டவர்கள் மற்றவர்களைவிடக் குற்றமுள்ளவர்கள் என்ற எண்ணத்தை நம் ஆண்டவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டவர்களை அவரவர் வாழ்வின் பக்கமே திருப்பிவிட்டார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் நண்பரின் கதையைக் கேட்ட பிறகே கவனித்தேன். எத்தனையோ முறை கோவிலில் வாசிக்கக் கேட்ட பகுதி!

ஆனால் நண்பரின் கதை அங்கே முடியவில்லை. அன்று பிற்பகல் விசாரணை அதிகாரி வந்து வாக்குமூலம் கேட்டார். "இயந்திரம் நின்றது, விமானம் திரும்பியது, விழுந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரவு தூக்கம் வரவில்லை. இயந்திரம் நின்றதை அவர் கேட்டாரா? ஒலி குறைந்ததைக் கேட்டார். திடலோரத்தில் புல் வெட்டும் உழவு இயந்திரமும் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் திரும்பியதைக் கண்ட பிறகு, இயந்திரம் நின்றிருக்க வேண்டும் என்று அறிவு சொன்னது. அறிவு சொன்னதைக் காது கேட்டதாக எழுதிவிட்டார்! மறுநாள் தொலைபேசியில் அழைத்துத் திருத்தினார். அதிகாரி கோபிக்கவில்லையாம். விமானிகளின் சாட்சியத்தில் இப்படி நேர்வதுண்டு, தெரிந்தவர்கள் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறார்கள் என்றாராம்.

தெரியாதவர்களும் நிரப்புகிறார்கள். 2001 நவம்பர் 12 ஆம் திகதி நியூயோர்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 ஆம் இலக்க விமானம் குடிமனைகள் மீது விழுந்து, தரையில் இருந்த ஐவர் உட்பட 265 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். அது விழுமுன்பே எரிந்ததைப் பார்த்தோம் என்றார்கள் மிகப் பலர். வலப்பக்கம் திரும்பியது என்றவர்களும் உண்டு, இடப்பக்கம் என்றவர்களும் உண்டு. விசாரணையில் தெரிந்த காரணம் தீயல்ல. முன்னே சென்ற பெரிய விமானம் கிளப்பிய காற்றுச் சுழலில் அகப்பட்டபோது, துணை விமானி வால் சுக்கானை அளவுக்கு மீறி மாறிமாறி மிதித்ததில் வாலின் செங்குத்துப் பகுதி முறிந்து போயிருந்தது. அந்தச் சாட்சிகளை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை அவர்கள் மீறியதாகவும் நினைக்கவில்லை. ஆனால், வேண்டுமென்று சொல்வதுதான் பொய் என்று எண்ணிக்கொண்டு நாம் எவ்வளவு அலட்சியமாக இருக்கிறோம்!

இவ்விடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944 ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின் 13 ஆவது இணைப்பு விபத்து விசாரணை பற்றியது. விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, யாருக்கும் பழியோ பொறுப்போ சுமத்துவது அல்ல என்கிறது அது. சிதைவுகளைத் தொடக்கூடாது என்ற விதிக்கும் அதில் விலக்கு உண்டு: மனிதர்களை, மிருகங்களை, தபாலை, பெறுமதியான பொருட்களை வெளியே எடுக்கலாம். கைபேசியில் படம் பிடிப்பதற்கு விலக்குத் தேவைப்படும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பழி வேண்டாம் என்றால் உண்மையையும் மூடிவிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். பெரகல சந்தியிலிருந்து கீழே இறங்கும் அதே பாதையில்தானே மீரியபெத்தை இருக்கிறது! 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, அவர்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, அவர்கள் போகவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆம், 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கைகள் கொடுக்கப்பட்டன. அது உண்மை. ஆனால் போவதற்கு அவர்களுக்கு எந்த நிலம், எந்த வீடு இருந்தது? பாதி உண்மையைச் சொல்லி இறந்தவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், மீதிக் கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை. விமானி மீது விழும் பழியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே சாட்சி வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. கண்டதை முழுவதும் சொல்ல வேண்டும், அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது. சொல்லிவிடுவது எளிது. செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு நண்பருக்கு நேர்ந்த கடைசிச் சோதனையைக் கேளுங்கள்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் இறந்தவரின் மனைவி அவரைத் தேடி வந்தார். "நீங்களும் விமானி. நீங்கள் பார்த்தீர்கள். அவர் ஏதும் தவறு செய்தாரா?" என்று கேட்டார்.

உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நானென்றால், இல்லை அம்மா, அவர்மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நண்பர் அப்படிச் சொல்லவில்லை. "விமானம் இடப்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். இடது இறக்கை தாழ்ந்ததைப் பார்த்தேன். அவர் ஏன் திரும்பினார் என்பதை நான் பார்க்கவில்லை" என்றார். அந்தப் பெண் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கு நேரே முன்னால் என்ன இருந்தது?" என்று கேட்டாராம்.

அந்த ஓடுபாதையிலிருந்து நூறு தடவைக்கு மேல் எழும்பியிருந்த என் நண்பருக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் போய் ஓடுபாதையின் முடிவில் நின்று பார்த்தார். ஒரு வரிசை வீடுகள் இருந்தன. அவற்றுக்கு அப்பால் ஒரு வயலும் இருந்தது. வீடுகளைக் கண்டு திரும்பினாரா, வயலைக் காணாமல் திரும்பினாரா, பயத்தில் திரும்பினாரா? கண்ட இரண்டையும் அந்தப் பெண்ணுக்கு அப்படியே எழுதி அனுப்பினார்.

"ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருந்தால் என்னப்பா குறைந்துவிடும்?" என்று நான் விடாமல் கேட்டேன். "அவள் உண்மையைத் தேடி வந்தவள். ஆறுதல் சொல்ல அவளுக்கு உறவினர் இருந்தார்கள். பார்த்தவன் நான் ஒருவன்தானே" என்றார். இதில் எனக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. கண்டதை மட்டும் சொன்னதால் அந்தத் தாய் எத்தனை இரவு விழித்திருந்தாரோ! ஆயினும் நான் சொல்லியிருக்கக்கூடிய ஆறுதல் அவருக்காகவா, கேள்வியிலிருந்து நான் தப்பிக்கவா என்று யோசிக்கும்போது என் பக்கமும் பலமாக இல்லை.

பேசிக்கொண்டு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி கடைக்குள் ஒதுங்கினோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர், விமானம் ஓட்டுபவர் என்று அதற்குள் யாரோ கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இன்னொரு தேநீரை நீட்டியபடியே, "தொரை, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு அப்புத்தளையில மூடுபனிதானே காரணம்?" என்றார்.

நண்பர் கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"நான் அன்று இங்கே இல்லையே, அண்ணே. நீங்கள் இருந்தீர்களா? என்ன பார்த்தீர்கள்?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "பாக்கல தொரை. சத்தந்தான் கேட்டிச்சு" என்றார்.