பராக்கு

பராக்கு என்னுஞ் சொல் நம் நாட்டில் இருபொருள்பட வழங்கிற்று. அரசர் அவைக்கு எழுந்தருளுங்கால் கட்டியங் கூறுவோர் 'பராக்கு' என முழங்கினர். ஆண்டு அது கருத்தூன்றுக எனப் பொருள்படும். தெருவில் வாய்திறந்து நிற்குஞ் சிறுவனைப் 'பராக்குப் பாராதே' எனத் தாய் கடியுங்கால் அதுவே கருத்தழிதலைக் குறிக்கும். முரணிய இரண்டனையும் ஒரு சொல் உணர்த்துதல் வியப்பன்று. ஒன்றன்பாற் சென்ற கருத்துப் பிறிதொன்றினின்றும் நீங்கியதேயாகலின். அழைப்போர் யாவர், எதற்கு அழைக்கின்றார் என்பதே ஆராயற்பாலது.

2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை, திருச்செந்தூர்த் திருக்கோயில் பற்றிய வழக்கொன்றில், தமிழ்நாட்டுக் கோயில்களுட் கைப்பேசி கொண்டு புகுதலைத் தடைசெய்யுமாறு ஆணை பிறப்பித்தது. அதனை யாம் உவந்தேற்கின்றேம். ஆயினும், வாயிலிற் கருவியை வாங்கி வைத்த அளவில் மனமும் மீண்டதாகுமோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், செய்தி பெருகுமிடத்துக் கவனம் வறுமையுறும் என 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். கவனம் காசுபோலச் செலவாவதென்பது அவர் கருத்து. நன்றே, எனினும் சித்தாந்திக்கு அது போதாது. காசு செலவழிந்தாலும் செலவழித்தவன் அவனாகவே நிற்பன். உயிரோ, படிகம் அடுத்த நிறத்தை எய்துமாறுபோலச் சார்ந்ததன் இயல்பாய் நிற்பது. ஆகலின் பராக்கு வெறுங் காலக்கழிவன்று. உயிரின் சார்பே மாறுதலாம்.

அந்தக்கரணங்களுள் மனம் பற்றும், அகங்காரம் யான் என எழும், புத்தி நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். இன்றைப் பொதுவாழ்க்கையில் இவை படும்பாட்டை நோக்குமின். புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களை நம்பிய நிலம். கண்மாய் தூர்ந்த செய்தி காலையில் எழும். நண்பகலில் ஒரு தலைவர் வாய்தவறிய சொல் அதனை மூடும். மாலையில் நடிகர் ஒருவரைப் பற்றிய பூசல் அதனையும் மூடும். மனம் மூன்றனையும் பற்றிற்று; அகங்காரம் மூன்றன்மேலும் எழுந்து தீர்ப்புரைத்தது; புத்தியோ ஒன்றனையும் நிச்சயித்திலது. கண்மாய் தூர்ந்தபடியே கிடக்கும். நிச்சயியாத குடிகளை ஆளுதல் எளிதென்பதை ஆள்வோரும் ஆள விழைவோரும் நன்கறிவர். தொழிற்கண்ணும் இஃதொக்கும், விரிப்பிற் பெருகும்.

கலைக்கு இவ்வூர்ப்புறத்தே சான்றுண்டு. கஞ்சிராவை இசையரங்கிற்கு உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, முதற்கண் அரண்மனையில் விளக்கேந்தும் பணி செய்தவர் என்ப. கையில் விளக்கும் செவியில் தாளமுமாக நின்ற அவ்வொருமை, ஒரு பாட்டின் பல்லவி முடியுமுன் அடுத்ததற்குத் தாவும் இற்றைக் கேள்விக்கு எங்ஙனம் வாய்க்கும்?

அற்றேல், மேளமும் வாணமும் மலிந்த திருவிழாவும் பராக்கேயன்றோ எனின், அன்று. திருக்கோகர்ணத்திற் குடைவரைக்கண் விளங்கும் கோகர்ணேசருடன் எழுந்தருளிய பிரகதாம்பாள், தொண்டைமான் மன்னர்தம் குலதெய்வம். 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணையுமுன், மன்னர் ஆட்சியில், நவராத்திரிதோறும் அரிசியுடன் அம்மன் காசு வழங்கும் வழக்கம் இருந்தது. காசின் ஒருபுறம் அம்மை திருவுரு; மறுபுறம் 'விஜய' எனத் தெலுங்கெழுத்து. காசின்பொருட்டே வந்தாரும் பலராயிருப்பர். ஆயினும் அவர் அவாவிய பொருளின்மேலேயே அம்மை வீற்றிருந்தனள். புலன்களைக் கெடுத்தலன்று, திருப்புதலே சைவநெறி. நாதசுரமும் விளக்கும் தீபாராதனையில் வந்து அடங்கும். கைப்பேசிக் காட்சியோ அடுத்த காட்சிக்கே ஆற்றுப்படுத்தும், அடங்குமிடம் அதற்கில்லை. கருவி சடம், அதன்வழித் தேவாரப் பண்கேட்டு உருகுவாரும் உளர். அவர் கேட்டபின் அதனை மூடிவைப்பாராயின் எமக்கு வழக்கில்லை.

அம்மையை அரைக்காசம்மன் எனவும் உலகர் வழங்குவர். காணாமற்போன பொருளை மீட்டுத் தருவாள் என்பது அவர் நம்பிக்கை. நகையிழந்தார் நகையை வேண்டுவர். கருத்தை இழந்தாரோ இழந்தமையே அறியாராகலின் வேண்டுதற்கும் வாரார். சாத்திரம் பாடங்கேட்கும் மாணாக்கர் சிலர் நிலை இதுவாதலை யாம் காண்கின்றேம். மடாலயங்களிற் பாடம் நிகழும் நாழிகையளவேனும் கைப்பேசிகள் புறத்தே வைக்கப்படுதல் வேண்டும். அவற்றுள் ஆசிரியருடையது முதற்கண் வைக்கப்படுக.