நிற்பதா, போவதா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில், ஒரகடத்துக்கு முன்னால் வருகிறது வல்லக்கோட்டை. முருகன் கோயில் பிரசித்தம். ஆளுயரத்தைத் தாண்டிய மூலவர், கிருத்திகைக்குக் கூட்டம் அள்ளும். இப்போது அங்கே வேறொரு கூட்டமும் உண்டு. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிஸான் வந்தது, 2012ல் டெய்ம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. பெரிய கம்பெனி வந்தால் அதற்கு ஸ்க்ரூ செய்கிற, ஸீட் தைக்கிற சின்ன கம்பெனிகள் பின்னாலேயே வருமே! அவற்றில் வேலை பார்க்கும் டிப்ளமோ பையன்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அறைக்கு நாலு பேராகத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட்டுக்குப் போய் வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படித் தங்கியிருக்கிறான். நைட் ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் ஒரு விசித்திர காரியம் செய்கிறான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பில், லினக்ஸை மூல நிரலிலிருந்து தானே கட்டுகிறான்.

லினக்ஸ்தான் சும்மா கிடைக்கிறதே, இறக்கிப் போட்டால் அரை மணியில் வேலை முடிந்ததே என்பீர்கள். வாஸ்தவம். இது, கடையில் மாவு பாக்கெட் விற்கும்போது உளுந்து விதைக்கிற சமாசாரம். ஆனால் இதற்கென்று ஒரு புத்தகமே இருக்கிறது. 1999ல் ஜெரார்டு பீக்மன்ஸ் என்பவர் ஆரம்பித்து வைத்தது, பெயர் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்'. மனிதர்கள் படிக்கக்கூடிய மூல நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பைலர் என்கிற மொழிபெயர்ப்பாளனிடம் கொடுத்து இயந்திர மொழிக்கு மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மொழிபெயர்ப்பாளனையே முதலில் கட்ட வேண்டும் என்பது இதில் வேடிக்கை. பழைய கம்பைலரால் புதுக் கம்பைலரைக் கட்டி, அதனால் மீதியைக் கட்டி...

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது நேரத்தை அளக்கும் முறை. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு வேகம் என்பதால் நிமிஷக் கணக்கு சரிப்படாது. முதல் பொட்டலத்தைக் கட்ட உன் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுதான் உனக்கு ஒரு அலகு. மற்றதெல்லாம் அதன் மடங்கு. அவனவனை அவனவன் வேகத்தாலேயே அளக்கும் இந்த நியாயம் நம் பள்ளிக்கூடங்களில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டுமானம் அடிக்கடி நின்றுபோகும். திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடி, கடைசியில் 'எர்ரர் 2' என்று முடியும். புதியவர்கள் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அதில் ஒன்றுமே இல்லை. 'கீழே யாரோ விழுந்துட்டாங்க, அதனால நானும் நின்னுட்டேன்' என்பதைத்தான் அது சொல்கிறது. திரையை மேலே தள்ளிக்கொண்டே போனால், எங்கேயோ முந்நூறு வரிக்கு மேலே முதல் தப்பு இருக்கும். சில சமயம் அதுவும் இல்லை. முந்தாநாள் சத்தமில்லாமல் முடிந்த ஒரு படியில் இருக்கும்.

இன்னொரு சூத்திரமும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் நிரலில் கோளாறு. தடவைக்கு ஓர் இடத்தில் நின்றால் இயந்திரத்தில் கோளாறு: மெமரி கெட்டிருக்கும், அல்லது தலை சூடாகியிருக்கும். ஷீட் கூரை போட்ட அறையில் மே மாசம் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். மனிதர்களுக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எப்போதும் ஒரே விஷயத்துக்குக் கோபப்படுகிறவர், எதற்கென்றில்லாமல் கோபப்படுகிறவர்... சரி, வேண்டாம்.

போன மாதம் அவன் மாட்டிக்கொண்டது ஒரு பழைய குட்டி நிரலில். எல்லா ஊரிலும் காலங்காலமாக ஒழுங்காகக் கம்பைல் ஆனது, இவனிடம் மட்டும் நிற்கிறது. காரணம் சுவாரசியமானது. ஸி மொழியில், ஒரு ஃபங்ஷனை முன்கூட்டி அறிவிக்காமலே கூப்பிடும் சோம்பேறித்தனம் ஆதியிலிருந்து அனுமதிக்கப்பட்டிருந்தது. கம்பைலர், 'சரி, அது ஒரு சாதா எண்ணைத் திருப்பித் தரும்போல' என்று தானே ஊகித்துக்கொள்ளும். 1999ல் வந்த தர நிர்ணயம் இதை விலக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் 'வார்னிங்' என்று முனகிவிட்டு வேலையைச் செய்துகொண்டிருந்தன. 2024 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14, 'இனிமேல் இது தப்பு' என்று நின்றது. கால் நூற்றாண்டு எச்சரிக்கை!

முனகலில் விஷயம் இருக்கிறது. பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களில் சாதா எண்ணும் மெமரி விலாசமும் ஒரே நீளம். தப்பாக ஊகித்தாலும் நஷ்டமில்லை. 64 பிட் வந்ததும் விலாசம் இரண்டு மடங்கானது. எண் அப்படியே நின்றது. கம்பைலர் பழைய ஊகத்தில் விலாசத்தைப் பாதியாக நறுக்கிவிடும். கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தெருப் பெயரைக் கிழித்த தபால் மாதிரி. கம்பைல் ஆகிவிடும். ஓடவும் ஓடும். ஒரு நாள் யாரோ ஒருவரிடம் பொத்தென்று விழும்.

"சார், இதுக்கு ரெண்டு வழி இருக்கு" என்றான். "அந்த ஃபங்ஷனை எங்க அறிவிச்சிருக்காங்கன்னு தேடி, ஒரு வரி சேர்க்கணும். இல்லேன்னா கம்பைலர்கிட்ட 'பழைய மாதிரி கண்டுக்காம விடு'ன்னு ஒரு ஆப்ஷன் கொடுத்தாப் போதும், கப்சிப். கொடுக்கலாமா?"

"உன் லேப்டாப்தானே தம்பி, கெட்டா உனக்குத்தானே?" என்றேன்.

"அதான் சார் எனக்கும் புரியலை. எனக்கு மட்டும்னா தப்பில்லையா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரக் கட்டுரை.

நின்றுபோவதை ஒரு குணமாகப் பார்த்தவர்கள் ஜப்பானில் தறி செய்தவர்கள். ஸகிச்சி டொயோடாவின் குடும்பம். 1924ல் அவர்கள் கொண்டுவந்த தானியங்கித் தறியில், பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடும். காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளரைக் கேட்டாலும் அந்த அருமையைச் சொல்வார். அறுந்த இழையைப் பார்க்காமல் நெய்துகொண்டே போனால் அத்தனை முழமும் பழுது. மகன் கிச்சிரோ 1937ல் கார் கம்பெனி ஆரம்பித்தபோது இந்த யோசனையும் கூடவே போனது. டொயோட்டா தொழிற்சாலைகளில் அது ஒரு கயிறானது. லைனில் நிற்கும் யார் வேண்டுமானாலும், ஏதாவது சரியில்லை என்று பட்டால் இழுக்கலாம். சரி செய்ய ஆள் வரும், முடியாவிட்டால் லைன் நிற்கும். உலகத்துக் கார் கம்பெனிகள் பலவும் காப்பியடித்துவிட்டன.

இவன் கம்பெனியிலும் பட்டன் இருக்கிறது. அழுத்தியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை சார். போல்ட் சரியா உக்காரலைன்னு நினைச்சேன். வந்து பார்த்தா சரியாத்தான் இருந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை. ஆனா லைன்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அழுத்தலை."

கம்பைலருக்கு இந்தப் பிரச்னை கிடையாது. அதற்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியதில்லை, ஊரில் தங்கை கல்யாணம் இல்லை, திரும்பிப் பார்க்க ஆளில்லை. நிற்பது அதற்கு இலவசம். மனிதனுக்கு விலை உண்டு, அதுவும் ஆளுக்கு ஒரு விலை. நிரந்தர ஊழியனுக்கு ஒரு முறைப்பு. ஆறு மாத கான்ட்ராக்ட் பையனுக்கு ஏழாவது மாதம். கயிறு எல்லோருக்கும் பொது என்று சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதாது.

படித்துப் பெரிய பதவியில் இருப்பவர்களுக்குமே இது சுலபமில்லை. 1986 ஜனவரி 27 ராத்திரி, சாலஞ்சர் விண்கலத்துக்கு ராக்கெட் செய்த மார்ட்டன் தையோகால் கம்பெனியின் பொறியாளர்கள் கயிற்றை இழுத்தார்கள். இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் இந்தக் குளிருக்கு விறைத்துவிடும், நாளைக்கு ஏவ வேண்டாம் என்றார்கள். நாஸா முகம் சுளித்தது. கம்பெனியின் மேலதிகாரிகள் தனியாகப் பேசிவிட்டு வந்து, 'ஏவலாம்' என்றார்கள். 73 விநாடியில் ஏழு பேர் போனார்கள். அதற்கு முந்தைய சில பயணங்களிலேயே அந்த வளையங்கள் கருகித் திரும்பியிருந்தன. ஒன்றும் ஆகவில்லையே, அதனால் அது வார்னிங்காகவே இருந்துவிட்டது.

அதற்காக எதற்கெடுத்தாலும் நிற்கலாமா என்றால், அதுவும் வம்பு. கம்பைலருக்கு 'வார்னிங் எல்லாவற்றையுமே எர்ரராகக் கொள்' என்று கட்டளையிட வசதி இருக்கிறது. சில உத்தமர்கள் அதை நிரலோடு சேர்த்தே அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து, புதிதாக நாலு வார்னிங் கற்றுக்கொண்ட கம்பைலர் வரும். பழுதே இல்லாத நிரல்கூடக் கட்ட மறுக்கும். எல்லாவற்றுக்கும் நிற்பவனை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆப்ஷன் கொடுத்து அணைத்துவிடுகிறார்கள். ஆக, எந்த முனகலுக்கு நிற்பது என்று தெரிய, முனகலைப் படித்தாக வேண்டும். என் எரிச்சல் படித்துவிட்டு 'பரவாயில்லை' என்பவர் மேல் இல்லை. அவர் தப்பாகத் தீர்மானிக்கலாம், ஆனால் தீர்மானித்தார். படிக்காமலே வாயை மூடவைக்கிறவர் எதையும் தீர்மானிக்கவில்லை; தன் வேலையை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். தன் சொந்த லேப்டாப் என்றால் அந்த முன்பின் தெரியாதவர், அடுத்த வருஷத்து அவரே.

பையன் மூன்று ராத்திரி தேடி அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டான்.

எர்ரரும் வராமல், வார்னிங்கும் வராமல் வந்த ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ஸெட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சாதாரண நிரல், உலகத்து லினக்ஸ்களில் எல்லாம் இருப்பது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாக உழைத்து, பொறுப்பாளராகி, 2024ல் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். விஷம் பரிசோதனைக் கோப்புகளில் ஒளிந்திருந்து, கம்பைல் செய்யும்போதுதான் உள்ளே கலக்கும். கட்டுமானம் எங்கும் நிற்காது. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வேலை செய்பவர். எக்ஸ்ஸெட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வேறெதையோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். யாரும் கேட்காமலே, தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதைத் தோண்ட ஆரம்பித்தார். மார்ச் 29ம் தேதி உலகத்துக்குச் சொன்னார்.