கடமைக்குக் கணக்கு உண்டா?

பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பணத்தால் நிறைவேற்றிவிட முடியுமா? தொன்மையான இந்தக் கேள்வி இன்று அயல்நாடு வாழ் கொரியக் குடும்பங்களின் முன் கூர்மையாக எழுந்து நிற்கிறது.

பெற்றோரைப் பேணும் அறத்தைக் கொரியர்கள் ‘ஹியோ’ என்பர். கன்பூசிய நெறியில் ஊறிய அச்சமூகத்தில், மூத்த மகன் பெற்றோருடன் வாழ்ந்து அவர்களைக் காப்பது மரபு. 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்திய பின் ஏராளமானோர் லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களுக்குச் சென்றனர். இன்று சுமார் 70 லட்சம் கொரிய வம்சாவளியினர் பல நாடுகளில் வாழ்கின்றனர்.

தாயகத்திலோ முதுமை பெருகுகிறது. 2024 டிசம்பரில் தென்கொரிய மக்களில் ஐந்தில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருந்தார். இவர்களுள் பலர் தம் சேமிப்பைப் பிள்ளைகளின் கல்விக்கே செலவிட்டவர்கள். தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988-இல்தான் தொடங்கியதால், முதியோர் பலருக்குப் போதிய ஓய்வூதியமும் இல்லை.

அரசு 2008 ஜூலையில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வீட்டில் பெறும் உதவிக்குப் பொதுவாகச் செலவில் 15 சதவீதத்தையும், பராமரிப்பு இல்லத்தில் தங்கினால் 20 சதவீதத்தையும் குடும்பம் ஏற்கிறது. இல்லத்தில் உணவுச் செலவு தனி. ஆனால் தாய்க்கு எது தேவை என்று அறிந்து விண்ணப்பிக்கவும், உதவி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரிக்கவும் ஒருவர் வேண்டுமே!

கடமையை ஒப்பந்தமாக எழுதுவோரும் அங்கு உண்டு. பெற்றோரை நன்கு பேணுவதாக எழுதிக் கொடுத்து, தந்தையின் வீட்டைப் பெற்ற மகன் ஒருவர் வாக்குத் தவறினார். வீட்டைத் திருப்பித் தருமாறு 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டை மீட்டுத் தரச் சட்டத்தால் முடிந்தது. இழந்த பரிவை மீட்டுத் தர எந்தச் சட்டத்தால் இயலும்?

அப்படியாயின் பணமும் திட்டமும் அன்புக்குப் பகையா? இல்லை. ‘என் மனம் எப்போதும் அவர்களிடமே இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு ஏற்பாடு எதுவும் செய்யாதவரின் அன்பு, நோயுற்ற தாய்க்கு ஒரு வேளை மருந்தாகவும் உதவாது. அதேபோல், மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு தம் பங்கு முடிந்தது என்று எண்ணுபவர், இரவில் கண்விழித்துப் பணிவிடை செய்யும் சகோதரியின் உழைப்புக்கு விலை பேசுகிறார். தொலைவில் இருப்பவர் பொருளுதவியோடு ஆண்டில் சில வாரங்களேனும் அப்பணியைத் தாமே ஏற்று, அவளுக்கு ஓய்வளிக்க வேண்டும்.

இதனினும் முதன்மையானது ஒன்று உண்டு. பணத்தையும் முதுமையையும் பற்றிப் பெற்றோரிடம் பேசுவது மரியாதைக் குறைவு என்று பலர் மௌனம் காக்கின்றனர். மறதி நோய் வந்தபின் கேட்டுப் பயன் என்ன? எங்கே வாழ விரும்புகிறார்கள், யார் அருகில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிவு தெளிவாக இருக்கும்போதே பணிவுடன் கேட்டறிவதே உண்மையான மரியாதை.

எந்த நாட்டினராயினும், பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் ‘எவ்வளவு அனுப்பினேன்?’ என்று கணக்கிடுமுன், ‘அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டேனா?’ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வார்களாக!