நிரல்நிறையிலிருந்து கொண்டுகூட்டுக்கு

எக்செல் தாளில் மேக்ரோ எழுதப் பழகுவோர் ‘நிரல்’ என்ற சொல்லிடம் சற்று நின்றுவிட்டுப் போகலாம். வரிசை, ஒழுங்கு என்பன அதன் பழம்பொருள். நம் பள்ளிக் கணக்குப் புத்தகம் அணிகளைக் கற்பிக்கும்போது கிடையாக ஓடுவதை நிரை என்றும், செங்குத்தாக நிற்பதை நிரல் என்றும் பிரிக்கிறது. கணினிக்கு இடும் கட்டளைத் தொடருக்கும் நிரல் என்றே பெயர் அமைந்தது. எண்கள் நிற்கும் இடமும் எண்களை ஆளும் கட்டளையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. மேக்ரோ என்பது கிரேக்க வேர். நீண்டது, பெரியது என்று பொருள். ஒரு கட்டளை பலவாக விரிவதால் அப்பெயர். சூத்திரம் சிறிது, உரை விரிவு என்று அறிந்த நமக்கு இது அயலான கருத்தன்று.

இனி ஒரு கணக்குத் தாளுக்கு வருவோம். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஷெட், ஷெட்டுக்கு 8,000 கோழி. நாள்தோறும் ஷெட் வாரியாக உயிருள்ள கோழி, இறப்பு, தீவனம், முட்டை ஆகியவை ஏறுகின்றன. இரண்டாம் நிரையிலிருந்து ஆறாம் நிரை வரை ஐந்து ஷெட்டுகள். ஏழாம் நிரையில் கூட்டல். முட்டை இ (E) நிரலில் இருக்கிறது. ஆகவே அன்றைய மொத்த முட்டை இ7 என்ற கட்டத்தில் கிடைக்கும். ஷெட்டுக்கு 7,200 வீதம் 36,000 என்று கொள்வோம். டிரேக்கு 30 வைத்தால் 1,200 டிரே.

கணக்கெழுதுபவர் மேக்ரோ பதிவை முடுக்கி, இ7 கட்டத்தைத் தொட்டு, நகலெடுத்து, மாதத் தாளில் மதிப்பாக மட்டும் ஒட்டி, பதிவை நிறுத்துகிறார். மறுநாள் ஒரே அழுத்தத்தில் வேலை முடிகிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் எக்செல் பதிந்தது கை சென்ற வழியை மட்டுமே. ‘அன்றைய மொத்த முட்டையை எடு’ என்பது கணக்கரின் மனத்தில் இருந்தது. ‘இ7 கட்டத்தை எடு’ என்பதே நிரலில் நிற்கிறது.

இந்த வேறுபாடு வெளிப்படும் நாள் ஒன்று வரும். பண்ணையில் ஆறாவது ஷெட் எழும்புகிறது. ஐந்தாம் ஷெட்டின் நிரைக்கு மேலே புதிய நிரை ஒன்றைச் செருகுகிறார்கள். தாளில் உள்ள கூட்டல் வாய்பாடு தானாகவே விரிந்து எட்டாம் நிரைக்கு இறங்கிவிடும். மேக்ரோவுக்குள் எழுதப்பட்ட முகவரி மட்டும் அசையாது. அது வெறும் எழுத்து. தாள் மாறியது அதற்குத் தெரியாது. இப்போது இ7 கட்டத்தில் இருப்பது ஐந்தாம் ஷெட்டின் 7,200 மட்டுமே. மாதத் தாளில் அந்த எண் அமைதியாகப் போய் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரலாக்கத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது இவ்வகைப் பிழைதான்.

இதைத் தெளிவிக்க நம் இலக்கணமே கைகொடுக்கிறது. நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோளில், அதாவது செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில், நிரல்நிறை ஒன்று. ‘காகமும் கிளியும் கறுப்பு, பச்சை’ என்றால் முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று இணைக்கிறோம். இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. இடையில் ஒரு சொல் புகுந்தால் எல்லாம் பிறழும். பதிவு செய்த மேக்ரோ நிரல்நிறையால் வாழ்வது. கொண்டுகூட்டு வேறு வகை. சொற்கள் செய்யுளின் எந்த அடியில் கிடந்தாலும், பொருள் நோக்கி அவற்றைத் தேடி எடுத்துக் கூட்டுவது அது. தேர்ந்த மேக்ரோ கொண்டுகூட்டாக வேலை செய்ய வேண்டும். கூட்டல் கட்டத்துக்கு ‘Motta_Muttai’ என்று பெயரிட்டு அந்தப் பெயரை நிரலில் எழுதினால், நிரைகள் புகுந்தாலும் பெயர் தன் கட்டத்தோடு நகரும். நிரல்கள் முன்பின்னாக மாறக்கூடிய தாளில், தலைப்பைத் தேடி உரிய நிரலைக் கண்டுபிடிக்குமாறு மேக்ரோவுக்குச் சொல்லலாம்.

விலைக்கும் இதே நெறி. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை அடிக்கடி மாறும். வியாபாரி ‘மைனஸ்’ என்று குறைத்துக் கேட்டால் அத்தொகையும் தனியாக மாறும். இரண்டையும் நிரலுக்குள் புதைப்பது தவறு. தேதியோடு தனித் தாளில் வைத்து அங்கிருந்து எடுக்க வேண்டும். மரவள்ளியை மாவுச்சத்துப் பாயின்ட் கணக்கில் வாங்கும் சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கும் இது பொருந்தும்.

அடுத்த அடுக்கு, எண்ணின் கொள்கலன். எக்செல் மேக்ரோ மொழியில் ‘இன்டிஜர்’ என்ற வகை 32,767 வரைதான் தாங்கும். ஒரு ஷெட்டின் 7,200 முட்டையை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய மேக்ரோ, முழுப் பண்ணையின் 36,000 வந்ததும் ‘ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும். ‘லாங்’ வகை இருநூறு கோடிக்கும் மேல் தாங்கும். அதையே வழக்கமாகக் கொள்ளுங்கள். இங்கே நுட்பமான இடம் ஒன்று உண்டு. நிரலிலேயே 8000 பெருக்கல் 5 என்று எழுதி, விடையை லாங் மாறியில் இட்டாலும் அதே பிழை வரும். பெருக்கப்படும் இரண்டும் இன்டிஜர் என்பதால் பெருக்கலும் அந்தச் சிறு கலத்திலேயே நடக்கிறது. விடையை ஏற்கும் கலம் பெரிதாயிருந்தும் பயனில்லை.

பிழை கண்டால் தாண்டிப்போ என்று பொருள்படும் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரியைச் சிலர் நிரலின் தலையிலேயே இடுகிறார்கள். தொல்லை ஒழிந்தது போலத் தோன்றும். உண்மையில், மேலே சொன்ன ஓவர்ஃப்ளோ நேர்ந்தால் மாறிக்குள் முந்தைய மதிப்பே தங்கிவிடும். பழைய எண்ணோ சுழியமோ இன்றைய எண்ணாக ஏறிவிடும். இந்த வரியை இன்றியமையாத ஓரிடத்தில் மட்டும் இட்டு, அந்த வேலை முடிந்த அடுத்த வரியிலேயே நீக்கிவிடுவதுதான் முறை. இதற்கு எதிர்மாறாக, ஒவ்வொரு நிரல் தொகுதியின் (மாட்யூல்) தலையிலும் இருக்க வேண்டிய வரி ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’. அது அறிவிக்கப்படாத மாறியை ஏற்காது. ‘Muttai’ என்ற மாறியை ‘Mutti’ என்று தவறாக அடித்தால் ஓடுமுன்பே பிடித்துக்கொடுக்கும்.

கற்கும் முறையைக் கேட்டால், எஃப்8 விசையைச் சொல்வேன். அதை ஒருமுறை அழுத்தினால் ஒரு வரி மட்டும் ஓடும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்த நாளின் கணக்கைத் தாளில் பேனாவால் போட்டு ஒப்பிட வேண்டும். ஒரு மணி நேரம் போகும்; போகட்டும்.

இன்றே உங்களிடம் உள்ள பழைய மேக்ரோ ஒன்றைத் திறந்து, அதில் இ7 போன்ற முகவரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றே ஒன்றுக்குப் பெயரிட்டு மாற்றி எழுதுங்கள். பிறகு மேலே ஒரு நிரையைச் செருகி ஓட்டிப் பாருங்கள். கோப்பின் நகலில் மட்டும் செய்யுங்கள்: மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல்-இசட் திருப்பித் தராது.