இரண்டு படகுகளும் கஸ்ஸாலியின் பேரீச்சம்பழமும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மீன்பிடிப் படகு வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேள்விப்படும் பெயர்களில் இரண்டு, லண்ட், கிரெஸ்ட்லைனர். இரண்டும் அலுமினியப் படகுகள். இரண்டும் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அதே மாநிலத்தில் பிறந்தவை. லண்ட் பெயர் வாங்கியது ரிவெட் அடித்த படகுகளால், கிரெஸ்ட்லைனர் வெல்டிங்கால். 2004 முதல் இரண்டும் பிரன்ஸ்விக் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2010 வாக்கில் கிரெஸ்ட்லைனரின் லிட்டில் ஃபால்ஸ் ஆலை மூடப்பட்டு, லண்ட் தயாராகும் நியூயார்க் மில்ஸ் ஊருக்கே அதன் உற்பத்தியும் போனது. முதலாளி ஒருவர், ஊரும் ஒன்று என்றான பிறகும் எது மேல் என்ற வாக்குவாதம் தீரவில்லை. தீராததற்கு யாருடைய பிடிவாதமும் காரணமில்லை என்பது என் கட்சி. அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. விடை இல்லாத இடத்திலும் மனிதன் அறிவோடு தேர்ந்தெடுக்க முடியும்.

படகுகளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரிவெட் படகில் தகட்டின் மேல் தகடு ஏறி நிற்க, ஆணிகள் வரிசையாகப் பிடித்திருக்கும். அலை மோதும்போது உடல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். வருடங்கள் போனால் ஏதாவது ஓர் ஆணி தளரும், அந்த ஓட்டை வழியே நீர் கசியும். ஒருவர் உள்ளே இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் வெளியே தட்டினால் மறுபடி இறுகிவிடும். வெல்டிங் படகில் அந்தக் கசிவுக்கு இடமில்லை. ஆனால் பற்றவைத்த சூட்டில் தையலை ஒட்டிய உலோகம் வலு குறைகிறது. அங்கே விரிசல் விட்டால் அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த கைதான் வேண்டும். அந்த மாநிலத்து மில் லாக்ஸ் ஏரி பரந்தது, ஆழம் குறைந்தது. காற்று எழுந்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். அங்கே அடிக்கடி வரும் சிறு கசிவு மோசமா, அபூர்வமாக வரும் பெரிய விரிசல் மோசமா? இரண்டையும் அளக்க ஒரே படி நம்மிடம் இல்லை.

அப்படியானால் இரண்டும் சமம்தானே என்று கேட்கலாம். சமமான இரண்டில் ஒன்றை எடுப்பது பழைய தத்துவச் சிக்கல். 1111இல் காலமான இமாம் கஸ்ஸாலி, பசித்தவன் முன் எல்லா வகையிலும் ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்களை வைத்துக் காட்டினார். காரணம் இல்லாமலே ஒன்றைப் பிரித்தெடுப்பது சித்தத்தின் இயல்பு என்றார். இறைவன் உலகைப் படைக்கக் குறிப்பிட்ட ஒரு கணத்தை ஏன் தேர்ந்தான் என்று மடக்கிய தத்துவவாதிகளுக்கு அது பதில். பழத்துக்கு அந்தப் பதில் பொருந்தும், படகுக்குப் பொருந்தாது. தராசு சமமாக நின்றால் ஒரு பக்கம் ஒரு மணி அரிசி போட்டாலே சாய வேண்டும். ஒரு படகின் விலையில் நூறு டாலர் குறைத்துப் பாருங்கள். வாங்குகிறவரின் தடுமாற்றம் அப்படியே இருக்கும். ஆகவே இவை சமமும் அல்ல, ஒன்று மேலும் அல்ல. ரூத் சாங் என்ற தத்துவவாதி இதைத் தனி உறவாகவே கொள்கிறார்: ஒரே தரத்தில் நின்று வேறு வேறு விதமாக மதிப்புள்ளவை. அங்கே ஒன்றின் பக்கம் நின்று, அதன் காரணங்களுக்கு நாமே எடை கொடுக்கலாம் என்பது அவர் வாதம். ‘என் படகை நானே பழுது பார்ப்பேன், அது என் வாழ்க்கையில் இருக்கட்டும்’ என்று ஒருவர் முடிவெடுத்தால், அதுவரை எடை இல்லாமல் கிடந்த ரிவெட்டுக்கு எடை வந்துவிடுகிறது.

தகவல் போதாததால்தான் தடுமாற்றம், எல்லாம் தெரிந்தால் தீர்ந்துவிடும் என்பது ஒரு மறுப்பு. ஆணி எத்தனை வருடத்தில் தளரும், தையல் எங்கே விரிசல் விடும் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டாலும், கசிவையும் விரிசலையும் எதிரெதிரே வைத்து அளக்கும் வேலை மிச்சம்தான். இதைவிடக் கனமான மறுப்பு உளவியலிலிருந்து வருகிறது. 1956இல் ஜாக் பிரெம் வெளியிட்ட சோதனையில், வீட்டுச் சாமான்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பெண்கள் பிறகு அதற்குக் கூடுதல் மதிப்பும் கைவிட்டதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்தார்கள். நான் சொல்லும் எடையும் இப்படி மனம் தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானா? இல்லை. அந்தச் சமாதானத்துக்கு மற்ற சாமான் மட்டமாகத் தெரிந்தாக வேண்டும். நான் சொல்லும் தேர்வுக்கு அது தேவையே இல்லை. ரிவெட் படகை எடுத்தவர் அதன் கசிவை ஒப்புக்கொண்டே அதை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் துறையில் வெல்டிங் படகை இறக்குகிறவரைத் தவறு செய்தவர் என்று சொல்ல அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை.