கீழ்க்கரையில் வாழ்பவர் நமக்கு யார்?

விலை கொடுத்து வாங்கிய பொருளை விருப்பம்போல் செலவிட ஒருவருக்கு உரிமை உண்டா, இல்லையா? இது பழைய வினா. பெங்களூரில் குடியேறி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், எனக்கு இவ்வினா எழுந்த இடம் எங்கள் வீட்டுக் குளியலறை. சங்க மலரில் பேசத் தக்க இடமா அது என்று அன்பர்கள் நகைக்கலாம். அறத்தை ஆராய அரசவைதான் வேண்டும் என்பதில்லையே.

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்நகரம் தண்ணீருக்குத் தவித்ததை நம்மில் யாரும் மறந்திரார். எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீரை எதிர்பார்த்திருந்த நாள்கள் அவை. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஒரு வாளி நீரில் குளித்து முடித்து வெளியே வந்தவர், என் மகன் ஷவரைத் திறந்துவிட்டு வெந்நீர் வரும்வரை காத்து நிற்பதைக் கண்டார். “காசு கொடுத்துத்தானே ஆயா வாங்குறோம்?” என்றான் அவன். அவனுக்கு அவர் விடை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “இந்தத் தண்ணியெல்லாம் எங்கேடா போகுது?” என்று கேட்டார்.

ஊரில் அவர் குளிக்கும் நீர் வாழைக்குப் போகும். போகுமிடம் தெரியாத நீர் அவருக்குப் புதுமை. முப்பது ஆண்டுகளாக அது எனக்குப் புதுமையாகத் தோன்றாமற் போனதை எண்ணி நாணினேன்.

நீர் வரும் வழியை ஓரளவு அறிவோம். காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்நகருக்கு வருகிறது. ஆயிரம் லிட்டரை அவ்வுயரம் ஏற்ற, எந்திர இழப்பு ஏதுமில்லை என்று கொண்டாலும், ஒன்றேகால் அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நகரத்தார்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று வகுத்துள்ள கணக்கில் 45 லிட்டர் கழிப்பறைக்கே என்று வைத்திருக்கிறார்கள். அத்தனை பாடுபட்டு மலையேறி வந்த நீரில் மூன்றில் ஒரு பங்கு!

நீர் போகும் வழியோ நம் கண்ணுக்கு மறைவானது. நகரின் மேற்குப் புறத்துக் கழிவு விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து மீண்டும் காவிரியில் கலக்கிறது. நாங்கள் வாழும் கிழக்குப் புறத்துக் கழிவு பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. அவ்வாறு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைக் கண்டு, கிருஷ்ணகிரி, சாத்தனூர் கடந்து திருக்கோவிலூர் வழியாகத்தான் கடலுக்குச் செல்கிறது. கெலவரப்பள்ளியில் மலைபோல் நுரை பொங்கிய படங்களைச் செய்தித்தாளில் பார்த்து, “யார் செய்த வேலையோ!” என்று நானே சினந்ததுண்டு. சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு பகுதி 2018 முதல் கோலார் ஏரிகளுக்கும் அனுப்பப்படுகிறது. எவ்வழியாயினும் மறுமுனையில் ஓர் உழவர் நிற்கிறார்.

ஆகவே, மகன் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த விடை இது: நாம் கொடுத்த காசு நீரைக் கொண்டுவந்தவர்க்குக் கூலி. அந்நீரைக் கெடுப்பதற்கான விலையை, அதனை அடுத்துப் பயன்படுத்துவோர் நம்மிடம் வாங்கவே இல்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. என் ஒருவன் சோப்பு நுரையால் ஆறு கெடுமோ? கெடாது, உண்மைதான். ஆயினும் பெள்ளந்தூர் ஏரி 2015இலும், 2017இலும், 2018இலும் தீப்பற்றியது. நீர்நிலை எரிந்தது; எரித்தவர் என்று சுட்ட ஒருவரும் இல்லை. ஒருவர் சந்தா கட்டாவிட்டால் சங்கம் கவிழ்ந்துவிடாது. அதனால் கட்டவேண்டாம் என்றால் நம் பொருளாளர் ஒப்புவாரா? பங்கு சிறிது என்பதனால் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் சுத்திகரிப்பு நிலையம் செய்ய வேண்டிய பணியை என் வாளி செய்துவிடும் என்றும் நான் கூறவில்லை. அது அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமையே.

செய்யத் தக்கவை எளியவை. ஷவரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் அளவில் நீர் போகும். ஒரு வாளியோ பதினைந்து, இருபது லிட்டரில் அடங்கும். கழிப்பறைத் தொட்டியில் மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என இரு பொத்தான் உள்ளவை வந்துவிட்டன. பசுமைப் பொருள் என்று பெயரிட்டு விற்பதை வாங்குவதற்காக, இன்னும் பத்தாண்டு உழைக்கும் பிளாஸ்டிக் குவளையை எறிவது எனக்கு உடன்பாடன்று.

தரை வெண்மைக்காக நாம் ஊற்றும் அமிலத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். அதன் நெடியை முதலில் சுவாசிப்பவர் கீழ்க்கரை உழவர் அல்லர். நம் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி. கதவைச் சாத்திக்கொண்டு அவர் இருமுவதை நான் பல ஆண்டு கேட்டிருக்கிறேன். கேட்டும் கேளாதவனாய் நாளிதழ் படித்திருக்கிறேன். தொலைவிலுள்ளவர் கண்ணுக்குத் தெரியாததால் மறந்தோம் என்பது பாதி உண்மைதான் போலும்.

அமிலம் வாங்குவதை நிறுத்தினோம். தரையில் மஞ்சள் கறை சிறிது தங்கிவிட்டது. மகன் இன்னும் ஷவரில்தான் குளிக்கிறான்; ஆனால் வெந்நீர் வரும்வரை விழும் தண்ணீர் வாளியில் சேர்கிறது. அதனைக் கொண்டு நான் கழிப்பறை கழுவுகிறேன். அம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது, ஆற்றில் தண்ணீர் எப்படி வருகிறது என்று இப்போதெல்லாம் கேட்கிறேன். முன்பு மழையைப் பற்றி மட்டுமே கேட்பேன்.